ஏணியில் ஏறியது யார்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அங்கே இல்லாதவர்கள்தான் பிறகு அதிகம் பேசினார்கள். கட்டிலில் தம்பி. கட்டிலின் காலடியில் தம்பி மனைவி. சுவரோரம் நாற்காலியில் நடுவில் பிறந்தவள். மூத்தவருக்குத் தங்கை, தம்பிக்கு அக்கா. அவள் பக்கத்தில் அவள் கணவர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏணியின் காலைப் பிடித்தபடி பட்டறை ஆள் வார்னிஷ். அப்புறம் மூத்தவர். இவ்வளவுதான். எல்லாவற்றையும் தன் மாடியிலிருந்து கண்ணால் பார்த்ததாகச் சொல்லும் எதிர்வீட்டு அம்மாளுக்கு அந்த ஜன்னல் வழியே தெரியக்கூடியது ஓர் அலமாரியின் முதுகு மட்டுமே.

மூத்தவருக்குத் தெருவில் கம்பம் என்று பெயர். யாரும் அவர் காதுபடச் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தாலும் முதுகைச் சாய்க்க மாட்டார். கூட்டத்தில் இடித்துக்கொண்டு போக மாட்டார். யாரிடமும் எதையும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்.

அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்ந்த தொழில் மோட்டார் காயில் கட்டுவது. கருகிப்போன பம்பு, கிரைண்டர், மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எது வந்தாலும் பழைய கம்பியை உரித்தெடுத்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி, சூட்டில் காயவைத்து ஓடவிட்டுத் தருவார்கள். மூத்தவர் முன்பக்கம் கல்லாவில். வருகிறவர்களிடம் பேசுவதும் வேலையைப் பிடிப்பதும் தொழில் சங்கக் கூட்டத்துக்குப் போவதும் அவர் பொறுப்பு. அவர் ஸ்பேனரைத் தொட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து கம்பி சுற்றுகிறவர் தம்பி. வார்னிஷ் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு நாளடைவில் வார்னிஷ் என்றே பெயராகிவிட்டது. பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்று கேள்வி.

தம்பி வேலை செய்வதைக் காதால்தான் கேட்க வேண்டும். மோட்டாரைத் திட்டிக்கொண்டேதான் அவரால் கம்பி சுற்ற முடியும். "ஏ தரித்திரமே, உன்னை எந்த மடையன்டா கட்டினான்? பள்ளத்துல காகிதம் வெச்சானா, இல்ல அவன் தலையில வெச்சானா? இரு, உன்னைச் சரி பண்றேன்." காலையில் ஷட்டர் திறந்ததும் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயாது. மனிதர்களிடம் அவர் சாது. ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டார். திட்டெல்லாம் இரும்புக்கும் செம்புக்கும்தான். பம்பு கொடுக்க வரும் பெண்கள் முகம் சுளிக்கும்போது மூத்தவர், "அது தொழில் பேச்சும்மா, கண்டுக்காதீங்க" என்பார்.

பிறகு இருமல் வந்தது. வார்னிஷ் புகை என்றார்கள், சளி என்றார்கள். கடைசியில் படம் எடுத்துப் பார்த்ததில் நுரையீரலில் கட்டி. அதோடு நிற்காமல் எலும்புக்கும் போயிருந்தது. அறுத்தெடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, டிரிப் மருந்து ஏற்றிப் பிடித்து வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் கட்டிலில் உட்காருவதற்கு முன்னால் கேட்ட கேள்வி, "சிகரெட் உண்டா?" என்பது. இல்லை. ஒன்றுகூட இல்லை. இதை மூத்தவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! சொல்லச் சொல்ல, இருந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி என்று பட்டது.

முதல் சில டிரிப்புகளுக்குத் தம்பி தானே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். திரும்பி வந்து அரை நாள் படுத்தாலும் மறுநாள் பட்டறையில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து எதையாவது திட்டுவார். அதற்கப்புறம்தான் அந்த மௌனம் வந்தது. பட்டறைக்கு வருவது நின்றது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தால் ஆடை படிந்து அப்படியே திரும்பி வந்தது. வலி இருக்கிறதா என்றால் தலையாட்டல். எங்கே என்றால் அதற்கும் தலையாட்டல். அடுத்த டிரிப்புக்கு நாள் வந்தது, வண்டி வாசலில் நின்றது, "வேண்டாம்" என்றார். அந்த வாரத்திலேயே அவர் வாயிலிருந்து வந்த ஒரே சொல் அது.

மூத்தவருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வலியென்று அலறினால் தாங்கிக்கொள்ளலாம். பயமென்று அழுதால்கூடத் தேற்றலாம். இதென்ன, உயிரோடு இருந்துகொண்டே கடையை மூடிவிட்ட மாதிரி?

"எழுந்து உக்காருடா. ஆம்பளை மாதிரி இரு. அப்பா கடைசி நாள் வரைக்கும் தன் காலால நடந்தாரு."

தம்பி போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டார்.

தங்கை தன் பங்குக்கு நாள் தவறாமல் வந்தாள். வரும்போதெல்லாம் யாரோ சொன்ன ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"நல்லதே நினைக்கணும்டா தம்பி. என் சிநேகிதியோட மாமியார் சிரிச்சுச் சிரிச்சே குணமாயிட்டாங்களாம்."

"எதுல குணமானாங்க?" என்றார் அவள் கணவர்.

"முட்டி வலியில."

"முட்டியும் நுரையீரலும் ஒண்ணா? எனக்கென்னவோ இது எல்லாமே வாயுன்னுதான் தோணுது. சுடுதண்ணி குடிக்கச் சொல்லு."

"எலும்பு வரைக்கும் போன கட்டிக்குச் சுடுதண்ணியா!" என்றாள் தம்பி மனைவி. சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களை மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

இவ்வளவுக்கும் மேலே அந்த மின்விசிறி வேறு. தம்பி படுத்திருந்த அறையின் விசிறி சுவிட்சைப் போட்டால் உறுமியது, சுற்றவில்லை. மூச்சு வாங்குகிற மனிதருக்கு முகத்தில் கொஞ்சம் காற்று பட்டால் ஆறுதலாக இருக்கும். பல வருஷம் அடுத்தவர் வீட்டு விசிறியை ஓடவைத்துச் சாப்பிட்ட குடும்பம். நாளைக்குப் பார்க்கிறேன், நாளைக்குப் பார்க்கிறேன் என்று மூத்தவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டில் எது கெட்டாலும் தம்பிதான் பார்ப்பார், அதுதான் வழக்கம். தம்பி மனைவி நாற்காலிமேல் ஏறி, ஒட்டடைக் குச்சியால் இறக்கையை ஒரு தள்ளுத் தள்ளிவிடுவாள். கொஞ்ச நேரம் சோம்பலாகச் சுற்றும். மறுபடி நிற்கும், மறுபடி உறுமும்.

"கெபாசிட்டர் போயிருக்கும், வேற ஒண்ணுமில்ல" என்பார் மூத்தவர். விசிறியை முதலில் கிளப்பிவிடுகிற சின்ன உருளை அது. தம்பியைப் பற்றியும் அவர் முடிவு கிட்டத்தட்ட இதுதான். ஆள் நல்ல ஆள், உள்ளே ஒன்றும் கெடவில்லை, கிளப்பிவிட ஒரு தள்ளு வேண்டும். அதனால் தள்ளிக்கொண்டே இருந்தார். காலையில் ஒரு அதட்டல். மத்தியானம் ஒரு குத்தல். சாயங்காலம் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து உட்காரவைத்து, "உன்னைப் பாக்க எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க, ஒரு வார்த்தை பேசினா வாயில முத்தா உதிர்ந்துடும்?" என்று கிண்டல். அவர்கள் கொண்டுவந்த ஆரஞ்சுப் பழங்கள் அலமாரியில் சுருங்கிக் கிடந்தன.

எப்படியோ ஒருநாள் தம்பியை அள்ளிப்போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார், தம்பியிடம் தனியே வெகுநேரம் பேசினார். அந்த அம்மாவுக்கு மூத்தவரின் பாதி வயதுகூட இருக்காது. தம்பி வெளியே வந்து, "எதுவா இருந்தாலும் அண்ணன்கிட்ட சொல்லச் சொல்லிட்டேன்" என்று பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார். மூத்தவர் உள்ளே போனார்.

"உங்க தம்பி எப்படி இருக்காருன்னு நீங்க நினைக்கிறீங்க?"

"பிடிவாதமா இருக்கான்."

"பிடிவாதம் இல்லைங்க. இது மனச்சோர்வு. வருத்தம்னு சொல்றோமே, அது இல்ல. இது ஒரு நோயாவே வர்றது."

"எங்க குடும்பத்துல அப்படி யாருக்கும் கிடையாது."

"நுரையீரல் புற்றுநோயும் யாருக்கும் கிடையாதுன்னுதான் முதல் நாள் சொன்னீங்க."

டாக்டரம்மா ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"வலி, தைராய்டு, தொத்துக் காய்ச்சல் எல்லாம் பாத்துட்டோம். இவருக்கு உடம்புக்குள்ள அழற்சி ரொம்ப ஏறியிருக்கு. கட்டியோட உடம்பு ஓயாம மல்லுக்கட்டுது இல்லையா, அதுல சுரக்கிறதெல்லாம் ரத்தத்தோட சுத்துது. மூளையையும் விட்டுவைக்காது. பசி, தூக்கம், ஒரு விஷயத்துல ஆசை, எல்லாத்தையும் அமுக்கிடும். இந்த நோய் முத்தினவங்கள்ல, அழற்சி கூடினவங்களுக்குச் சோர்வும் கூடுதலா இருக்கிறதை நாங்க பாக்கிறோம். எது எதை இழுத்துட்டு வருதுன்னு இன்னும் முழுசாத் தெரியாது. ஆனா தைரியமா இரு, தைரியமா இருன்னு சொல்றதால அது இறங்காது."

"அப்போ அந்த அழற்சியை இறக்குங்க. மனசை எதுக்கு இழுக்கிறீங்க?"

"அதை மட்டும் இறக்கி மனசையும் தூக்கிவிடுற மருந்து என் கையில இருந்தா இப்பவே குடுத்துடுவேன். கட்டிக்கு டிரிப் இருக்கு. சோர்வுக்கு மாத்திரை இருக்கு. வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும். கூடவே மேல் மாடியில மனநல மருத்துவர் இருக்கார், அவர்கிட்ட வந்து பேசணும். சோர்வைப் பாக்காம விட்டா டிரிப்புக்கு வரமாட்டார். போன தடவையே வரலையே. நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"மோட்டார் காயில் கட்டுறோம்."

"அப்போ உங்களுக்குச் சுலபமாப் புரியும். ஒரு மோட்டார் உள்ளுக்குள்ள சூடாகி..."

"டாக்டர்" என்று எழுந்தார் மூத்தவர். "உடம்பைப் பத்தி நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிறேன். மோட்டாரைப் பத்தி எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்."

மருத்துவமனையின் மருந்து ஜன்னலில் மாத்திரை அட்டைகளைக் கொடுத்தார்கள். "இது மனச்சோர்வுக்கு, தினம் ஒண்ணு, நாமா நிறுத்தக் கூடாது" என்று அங்கிருந்த பெண் வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். அவளுக்கு அது வேலை. மூத்தவருக்கோ நடுத்தெருவில் சட்டையைக் கழற்றிய மாதிரி இருந்தது. அட்டைகளை உள்பையில் திணித்துக்கொண்டார்.

அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோனார். கெபாசிட்டர்கள் போட்டுவைக்கும் பழைய பிஸ்கட் டப்பாவின் அடியில் வைத்து, மேலே கெபாசிட்டர்களைப் பரப்பினார். அவர் கணக்கு இதுதான்: மாத்திரை வீட்டுக்குப் போனால் தங்கைக்குத் தெரியும், தங்கைக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரிந்தால் கம்பம் வீட்டில் ஒரு பைத்தியம் என்று நாளைக்குப் பம்பு கொண்டுவருகிறவன் எட்டிப் பார்ப்பான். உடம்பு நோய்க்குத் தலைகுனிய ஒன்றுமில்லை. இது வேறு. இந்த ஒன்றைத் தானே சரிசெய்துவிட முடியும் என்றும் அவர் நம்பினார். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளினால் போதும்.

தள்ளினார். தம்பி இன்னும் சுருங்கினார். தாடி வளர்ந்தது. மேல்சட்டை தோளில் நிற்காமல் வழிந்தது. அடுத்த டிரிப்புக்கு நாள் குறித்தார்கள். அதற்கும் போகவில்லை என்றால் டிரிப் மருந்தையே நிறுத்திவிடுவதா என்று யோசிக்க வேண்டியிருக்கும் என டாக்டரம்மா போனில் சொன்னார்.

ஒரு வெக்கையான முற்பகலில் தம்பி மனைவி பட்டறைக்கு வந்தாள். கல்லாவில் மூத்தவர் பம்புக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். அவள் நேராக உள்ளே போனாள்.

"வார்னிஷண்ணே, ஃபேனுக்கு ஒரு கெபாசிட்டர் குடுங்க. அத்தான் நாளைக்கு நாளைக்குன்னு சொல்லியே மழைக்காலம் வந்துடும். நானே மாட்டிக்கிறேன்."

"டப்பாவுல இருக்கும்மா. கையெல்லாம் வார்னிஷ். நீங்களே எடுத்துக்கோங்க."

மூத்தவர் எழுந்தார். ஆனால் முதுகை நிமிர்த்தி, வேட்டியைச் சரிசெய்து, பம்புக்காரரிடம் "ஒரு நிமிஷம்" என்று சொல்லி எழுகிறவர் அவர். அதற்குள் டப்பா திறந்துவிட்டது. அவள் மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் படித்தாள். தம்பியின் பெயர் எழுதி ஒட்டிய உறை அதோடு இருந்தது.

"என்ன அத்தான் இது?"

"உள்ள வெச்சுப் பேசலாம்மா."

"உள்ளதான் நிக்கிறேன். என்ன இது?"

"அது... டாக்டர் சும்மா குடுத்தது. தேவைப்பட்டாக் குடுக்கச் சொன்னாங்க."

"தேவைப்படலையா? அந்த மனுஷன் சோத்தைத் தொட்டு எத்தனை நாளாச்சு தெரியுமா? ராத்திரி முழுக்கக் கண்ணை முழிச்சுச் சுவத்தைப் பாக்கிறார். நான் பக்கத்துல உக்காந்து அழுதேன். நீங்க வாசல்ல நின்னு, திமிருன்னு சொன்னீங்க. அப்பவும் மருந்து இந்த டப்பாவுலதான் இருந்துதா?"

"ஊர் முன்னாடி சத்தம் போடாதேம்மா."

"எங்க இருக்கு ஊரு? ஒத்த ஆள் நிக்கிறார். அவரும் பம்புக்காரர்."

பம்புக்காரர் தன் பம்பை ஆழ்ந்து ஆராயத் தொடங்கினார்.

"குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கும்மா. உனக்கும் சேத்துத்தான் சொல்றேன். மனநோய்க்கு மருந்து சாப்பிடுறான்னு நாலு பேர் பேசினா..."

"பேசட்டும். சிகரெட் குடிச்சார்னு பேசலையா? அதுல செத்தா போயிட்டோம்? மானத்தைக் கெபாசிட்டர் டப்பாவுல வெச்சுப் பூட்டினது உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் அத்தான்."

வார்னிஷ் சிரிக்கவில்லை. ஆனால் தொட்டிப் பக்கம் வேகமாகத் திரும்பிக்கொண்டார். அவள் அட்டைகளை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கிப் போனாள். போன வேகத்தில் கெபாசிட்டரை மறந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் மூத்தவரிடம் பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், வார்த்தை கிடையாது. தம்பி மாத்திரை எதற்கென்றுகூடக் கேட்காமல் விழுங்கினார். கேட்கவும் ஒரு ஆசை வேண்டுமே. மேல் மாடி டாக்டரிடம் அவள்தான் கூட்டிப்போனாள். முதல் தடவை மூத்தவரும் போனார். யாரும் கூப்பிடவில்லை, போனார். மனநலப் பிரிவு என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே பெஞ்சு இருந்தது. அதில் நிமிர்ந்து உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். கை வலித்துத் தாளை இறக்கியபோது எதிர்ப் பெஞ்சில் சங்கச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். அவர் கையிலும் செய்தித்தாள்.

"நான் காதுக்காக வந்தேன்" என்றார் செயலாளர்.

"நானும் காதுக்குத்தான்" என்றார் மூத்தவர்.

இரண்டு பேரும் மறுபடி செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார்கள்.

வாரங்கள் போயின. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் கஞ்சி பாதிக் கிண்ணம் காலியானது. ஒருநாள் தாடியை மழித்துவிடச் சொன்னார். மறுநாள் மறுபடி சுவர். மருந்தெல்லாம் ஏமாற்று என்று மூத்தவருக்கு உள்ளுக்குள் எரிந்தது. சொல்ல வாயெடுத்தால் தம்பி மனைவி பார்க்கிற பார்வையில் வாய் மூடிக்கொண்டது. டிரிப்புக்குக் குறித்த நாள் திங்கட்கிழமை. போவீர்களா என்று அவள் கேட்டதற்கு, "பாக்கலாம்" என்றார் தம்பி. பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று ஞாயிறு முழுக்க வீடே முழி பிதுங்கி நின்றது.

அந்த ஞாயிறு மாலைதான் மூத்தவர் பட்டறையிலிருந்து ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னால் வார்னிஷ். மூத்தவர் சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார், ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்தார், ஏறினார்.

"அண்ணே, வார்னிஷ் ஏறட்டும். உங்களுக்கு எதுக்கு?" என்றாள் தங்கை.

மூத்தவர் பதில் சொல்லவில்லை. பல்லில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது ஒரு காரணம்.

"மச்சான், மெயினை நிறுத்தினீங்களா?" என்றார் மேலாளர். "பேங்க்ல ஒருதடவை இப்படித்தான் ஒருத்தர்..."

"நிறுத்தியாச்சுங்க" என்றார் வார்னிஷ்.

வியர்வை கண்ணில் இறங்க, விரல் இரண்டு இடத்தில் கிழிய, பழைய கெபாசிட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டி இறங்கினார். மேலாளர் மெயினைப் போட்டார். சுவிட்சைத் தட்டினார்கள்.

விசிறி உறுமியது. சுற்றவில்லை.

"வாயு" என்றார் மேலாளர், தன்னையறியாமல்.

யாரும் சிரிக்காத அந்த அறையில் மூத்தவர் ஒட்டடைக் குச்சியை எடுத்தார். மறுபடி ஏறி, இறக்கையை ஓங்கி ஒரு தள்ளுத் தள்ளினார். சோம்பலாகச் சுற்றியது. இன்னொரு தள்ளு. "பாத்தீங்களா? சுத்துது. புதுக் கெபாசிட்டர், செட்டாகக் கொஞ்ச நேரமாகும்" என்றபடி மூன்றாவது தள்ளும் தள்ளினார். இறக்கைகள் தயங்கித் தயங்கி நின்றன.

"கை வெச்சுப் பாத்தியா?"

குரல் கட்டிலிலிருந்து வந்தது. முதலில் அது யார் குரல் என்றே பிடிபடவில்லை. தம்பி ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுலடா?" என்றார் மூத்தவர்.

"ஃபேன்லதான். பின்ன என் தலையிலயா? உடம்புல கை வெச்சுப் பாத்தியா?"

மூத்தவர் கையை நீட்டி விசிறியின் நடு உருண்டையைத் தொட்டார். தொட்ட வேகத்தில் எடுத்துக்கொண்டார்.

"சுடுதா?"

"சுடுது."

"உள்ள காயில் வெந்துக்கிட்டு இருக்கு. நீ மேல நின்னுக்கிட்டுக் குச்சியால தள்ளுற, சுத்துது சுத்துதுன்னு சொல்ற. சூடான மோட்டாரைத் தள்ளத் தள்ளக் கருகத்தானே செய்யும்? கடைக்கு வர்ற ஆளு இதைச் செஞ்சா நாம என்னான்னு சொல்லுவோம்?"

மூத்தவர் ஏணியின் மேலேயே நின்றார். டாக்டரம்மா மோட்டாரைப் பற்றி ஆரம்பித்து, தான் பாதியில் நிறுத்திவிட்ட வாக்கியம் அப்போதுதான் அவருக்கு முடிந்தது.

"அறிவு கெட்டவன்னு சொல்லுவோம்" என்றார்.

"அதான்." தம்பிக்கு இருமல் வந்தது. மனைவி முதுகைத் தடவப் போனாள். கையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "மெயினை நிறுத்துங்க மொதல்ல. கல்லாவுல உக்காந்து உக்காந்து உனக்குக் கையே மரத்துப்போச்சு. அந்த ஒயரை எங்க குடுத்திருக்க? அங்கயா? அடப்பாவி, அதை அங்க குடுக்கச் சொல்லி எந்த மடையன் உனக்குச் சொன்னான்? இழுக்காத! இழுக்காதங்கிறேன், தரித்திரமே! வார்னிஷ், நீ என்ன அங்க ஏணிக்குக் கல்யாணம் பண்ணிவெச்ச மாதிரி நிக்கிற? தாங்கிப் பிடி, அது தலையில விழுந்தா இன்னொரு ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்."

மூச்சு விட்டு மூச்சு விட்டுத்தான் சொன்னார். ஒவ்வொரு திட்டுக்கும் நடுவில் நெஞ்சு ஏறி இறங்கியது. ஆனால் விடவில்லை. ஊரில் ஒருவரும் நிமிர்ந்து பார்த்துப் பேசாத மூத்தவர், தங்கையும் அவள் கணவரும் வேலையாளும் பார்க்க, தம்பியின் வாயால் தரித்திரம் என்று வாங்கிக்கொண்டு, "இந்த ஸ்க்ரூவா? இதுவா?" என்று கேட்டுக் கேட்டுக் கழற்றினார். மோட்டாருக்கு மட்டும் கிடைத்துவந்த மரியாதை முதன்முதலாக அவருக்குக் கிடைத்தது.

விசிறி இறங்கியது. வார்னிஷ் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து, "வெந்துதான் இருக்கு" என்றார்.

"நாளைக்கு உரிச்சு வை. கம்பியை நீயே சுத்திடாத. சாயங்காலம் வந்து பாக்கிறேன்" என்றார் தம்பி.

"நாளைக்கு டிரிப்பு" என்றாள் மனைவி மெதுவாக. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"அது காலையிலதானே? நான் சாயங்காலம்னுதானே சொன்னேன்?" என்று அவளையும் ஒரு முறை முறைத்துவிட்டுப் படுத்தார். படுத்தபோது முகம் அறையின் பக்கம் இருந்தது.

தம்பி மனைவி ஒரு துணியைக் கொண்டுவந்து மூத்தவர் முன்னால் நீட்டினாள். "விரல்ல ரத்தம் வருது அத்தான். கட்டிக்கோங்க." பல வாரங்களுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசியது அதுதான்.

மறுநாள் டிரிப் ஏறியது. சாயங்காலம் பட்டறைக்கு வர முடியவில்லை. அதற்கு மறுநாள் வந்தார். கம்பி சுற்ற விரல்களில் தெம்பில்லை, வார்னிஷ் சுற்றினார். பக்கத்தில் உட்கார்ந்து திட்டுவதற்கு மட்டும் தெம்பு இருந்தது. நோய் விட்டுப் போகவில்லை. யாரும் அப்படிச் சொல்லவும் இல்லை. மாத்திரை தீர்ந்தபோது மூத்தவர் முனை மருந்துக்கடைக்குப் போனார். நாலு பேர் நின்ற வரிசையில் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டார். கடைக்காரருக்குக் காதில் விழவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை இரண்டாம் தடவை கேட்டார், இன்னும் சத்தமாக.

அடுத்த மழைக்காலம் முடிகிற சமயத்தில் தம்பி போய்ச்சேர்ந்தார். தலைக்கு மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களில் சங்கச் செயலாளர், "பாவம், தைரியத்தை விட்டுட்டார். மனசு மட்டும் உறுதியா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். மூத்தவர் அவரை முடிக்க விடவில்லை.

"விடலைங்க. நோய் முத்தி இறந்தான். உடம்புல அழற்சி ஏறினதுல மனச்சோர்வு வந்துது. அதுக்கு மாத்திரை சாப்பிட்டான், மேல் மாடி டாக்டர்கிட்டயும் போனான். நீங்க காதுக்கு வந்தீங்களே, அதே வாசல்தான்."

செயலாளர் காபியைக் குடித்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் தெருவில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. சாகக் கிடந்த தம்பியை ஏணியில் ஏற்றி மின்விசிறி கழற்ற வைத்தாராம் கம்பம். கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வேலை வாங்கினாராம்.

பொய். ஏணியில் ஏறியது மூத்தவர். கட்டிலில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தது தம்பி.